அப்பா சோறு கேட்கவில்லை

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அட்டையில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பந்திக்கு எழுந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு வருடமாக வாய் வலிக்கச் சொல்லியும் யார் காதிலும் ஏறாத ஒன்றை இன்று அச்சில் சொல்லப்போகிறேன். எங்கள் அப்பா பசியோடு சாகவில்லை. ஆஸ்பத்திரியில் சோறு கேட்டு யாரிடமும் கை நீட்டவும் இல்லை.

ஆனால் பெங்களூரில் எங்கள் ஜோகுபாளையத்தில் யாரைக் கேட்டாலும் வேறு கதை சொல்கிறார்கள். "கடைசி மூணு நாளும் சோறு சோறுன்னு கைய காட்டினாராமே, பாவம், பெத்த பொண்ணு ஒரு பருக்க குடுக்கலியாமே" என்று பால் பூத்தில் ஒரு அம்மாள் என்னிடமே சொன்னார். அந்தப் பெத்த பொண்ணு நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டார்கள். காரியத்தன்று கேட்டார்கள். நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்தின் வாட்ச்மேன்கூடக் கேட்டுவிட்டார். போதும்டா சாமி என்றாகிவிட்டது.

இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். அப்பா இறந்த அன்று அத்தை மகன் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'போர் விமானி' என்று போட்டு, நீல வானமும் மேகமும் வைத்திருந்தார்கள். அப்பா விமானி இல்லை. வாழ்நாளில் பயணியாகக்கூட விமானத்தில் ஏறியதில்லை. "ஏரோபிளேன் ஸ்டார்ட் பண்றவருதானே, அப்போ பைலட்டுதானே" என்று அத்தை மகன் வாதாடினான். அவனோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். அந்தப் போஸ்டர் நாலு மாதம் சுவரில் இருந்தது.

அப்பா பிறந்தது ஜோகுபாளையத்தில், இப்போது நான் இருக்கும் அதே தெருவில். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு வேலை தேடி வந்தவர். அப்பா பத்தாவது படிக்கும்போது தாத்தா திடீரென்று போய்விட்டார். பாட்டி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். சட்டியில் இருப்பது ஒரு ஆளுக்குத்தான் என்றால், அப்பா "நான் கடையில டீயும் பன்னும் சாப்ட்டேன்" என்று சொல்லித் தன் பங்கைத் தங்கைக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, வைத்துவிடுவாராம். டீயும் இல்லை, பன்னும் இல்லை என்று அத்தைக்குப் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அண்ணனுக்குச் சோறு போடவில்லை என்று அத்தை என்மேல் வைத்திருக்கும் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் புரியாமல் இல்லை.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிசியன் படித்து, பீன்யாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் இரண்டு வருடம் கம்பிக் காயில் சுற்றிவிட்டு, விமானத் தொழிற்சாலையில் அப்பா வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வருடம் ஒரே பிரிவு. அங்கே என்ன வேலை என்று உறவில் ஒருவருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. பெண் பார்க்கப் போனபோது அப்பா "டிராலி ஓட்டறேன்" என்றிருக்கிறார். ஏர்போர்ட்டில் பெட்டி தள்ளுகிறவர் என்று அம்மா வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக்காரர் ஒருவர் டெல்லிக்குப் போகும்போது, "மாப்பிள்ளைகிட்ட சொல்லி எங்க பெட்டிய நல்லா பாத்துக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினார். அடுத்து அப்பா 'ஸ்டார்ட்டர்' என்று சொல்லிப் பார்த்தார். தெருவில் இருந்த போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் வீட்டு வாசலுக்கு ரிப்பேருக்கு வந்துவிட்டன.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஜெட் இன்ஜின் நம் வீட்டு மிக்சி மாதிரி சுவிட்சைத் தட்டியதும் சுற்றாது. முதலில் அதை ஏதாவது ஒன்று சுழற்றிவிட வேண்டும். அப்பா வேலை பார்த்த போர் விமானங்களில் அதற்கான கருவி உள்ளே கிடையாது. எடையைக் குறைக்க அதைத் தரையிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கருவிதான் டிராலி. சக்கரம் வைத்த பெரிய பெட்டி. ஒரு வகை டிராலி தடித்த கேபிளில் கரண்ட் கொடுக்கும். இன்னொரு வகை, என் இடுப்பளவு சுற்றுள்ள குழாயில் காற்றை அடித்து இன்ஜினைச் சுழற்றும். வேகம் ஏறியதும் உள்ளே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகும் உடனே விட்டுவிடக் கூடாது, இன்ஜின் தானே ஓடத் தொடங்கும்வரை டிராலி தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு குழாயைக் கழற்றி, டிராலியை இழுத்துக்கொண்டு வழியைவிட்டு விலக வேண்டும். விமானம் போய்விடும், டிராலி நிற்கும். இதுதான் அப்பா பார்த்த வேலை.

அந்த இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. எல்லாம் கைச்சைகைதான். இடது உள்ளங்கையை விரித்து, அதில் வலது கை விரல்நுனிகளைக் குவித்து முட்டினால் 'இணை'. முட்டிய விரல்களை விலக்கினால் 'எடு'. இன்ஜின் தானே ஓடுகிறது என்று தெரிந்ததும் விமானி உள்ளேயிருந்து 'எடு' என்று காட்டுவார். அப்பா அதையே திருப்பிக் காட்டி, புருவத்தை உயர்த்துவார். எடுக்கட்டுமா என்று அர்த்தம். விமானி மறுபடியும் காட்டினால்தான் கழற்றுவார்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அப்பா அந்தச் சைகைக்குக் காத்திருக்கவில்லை. சத்தத்தை வைத்தே இன்ஜின் பிடித்துக்கொண்டது என்று முடிவுசெய்து கழற்றிவிட்டார். இன்ஜின் திணறி, சூடேறி, அணைந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கினார். அப்பா அதை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். "ஓடுதா இல்லியான்னு உள்ள உக்காந்திருக்கறவனுக்குத்தான் தெரியும். வெளிய நிக்கறவன் முடிவு பண்ணக் கூடாது" என்று முடிப்பார். நூற்றோராவது தடவை தொடங்கும்போது அம்மா சமையலறைக்குள் போய்விடுவார்.

அந்த ஒரு தப்புக்கு நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து தண்டனை அனுபவித்தோம். அப்பா போனை வைக்க மாட்டார். "வெச்சிடட்டுமா?" என்று கேட்டு, நாம் "வெச்சிடுங்க" என்று சொல்லி, அவர் மறுபடி "வெச்சிடறேன்" என்று சொன்ன பிறகுதான் வைப்பார். பஸ் ஏற்றிவிட வந்தால், ஜன்னல் வழியாகக் கை காட்டும்வரை படிக்கம்பியை விட மாட்டார். கண்டக்டர்கள் கன்னடத்தில் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. வேலையில் காதுக்கு வைக்கும் மஃப்பை அவ்வப்போது கழற்றிவைத்ததால் ஐம்பது வயதுக்குள் இடது காது போய்விட்டது. அதன்பிறகு வீட்டிலும் முக்கால்வாசி கைதான் பேசும். நாங்கள் கத்துவோம், அவர் சைகை காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தினமும் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கல்யாணத்தில் நடந்ததை வந்தவர்கள் மறந்திருக்க முடியாது. முகூர்த்தம் முடிந்து அப்பா முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையில் போன கரண்ட் அப்போதுதான் திரும்பி வந்தது. மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்காரர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்படி நிற்கச் சொல்லி அப்பாதான் காலையிலேயே பழக்கிவைத்திருந்தார். ஜெனரேட்டரை எடு என்று அப்பா இடது உள்ளங்கையை விரித்து, விரல்நுனிகளை வைத்து, விலக்கினார். பரிமாறுகிற பையன் ஓடிவந்து ஒரு கரண்டி சோறு வைத்தான். அப்பா அவனைத் தாண்டி எட்டிப் பார்த்து மறுபடி காட்டினார். இன்னொரு கரண்டி. "டேய், உன்ன இல்லடா!" என்று கத்திவிட்டு மூன்றாவது தடவை காட்டினார். மூன்றாவது கரண்டியும் விழுந்தது. இலையில் மலைபோல் சோறு. அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்குத் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தன் கண்ணால் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த அதே அத்தைதான், ஆஸ்பத்திரியில் அதே சைகையைப் பார்த்துவிட்டு அண்ணன் சோறு கேட்டார் என்று ஊரெல்லாம் அழுதுகொண்டிருக்கிறார்.

அந்தக் கல்யாணம் நாலு வருடத்தில் முடிந்துபோனதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு சூட்கேஸோடு ஜோகுபாளையத்துக்குத் திரும்பி வந்தேன். அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டார். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். காலையில் என் பழைய ஸ்கூட்டர் பெங்களூர் குளிரில் லேசில் கிளம்பாது. அப்பா கிக்கரை உதைத்துக் கிளப்பிவிட்டு, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"விடுப்பா, லேட்டாவுது."

"கைய காட்டு."

"ரோட்ல எல்லாரும் பாக்கறாங்கப்பா. நான் என்ன ஜெட்டா? விடு!"

அவர் புருவத்தை உயர்த்தி, விரல்களை விலக்கிக் காட்டி, எடுக்கட்டுமா என்பார். நான் ஆக்சிலரேட்டரை முறுக்குவேன். கம்பி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். ஒன்பது வருடம், ஒரு நாள்கூட விடாமல் என் உயிரை வாங்கினார். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்தச் சைகையைக் காட்டவில்லை. கூச்சம் என்று அப்போது நினைத்தேன். காட்ட முடியாமல்தான் காட்டவில்லை என்று இப்போது தெரிகிறது. நான் ஓடுகிறேனா இல்லையா என்று உள்ளே இருந்த எனக்கே தெரியவில்லை.

அந்த வருடங்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எனக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். "இன்னும் எத்தன நாளைக்கு இப்படி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிட்டு இன்னொருத்தன பாரு" என்பார்கள். "அவ தேறிட்டா, மேல ஒரு போர்ஷன் எடுத்துத் தனியா இருக்கட்டும்" என்பார்கள். அப்பா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "அவ சொல்லட்டும்." அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. அவருடைய இன்ஜின் கதையை என் தலையில் கட்டுகிறாரே என்று எரிச்சல்தான் பட்டேன்.

போன வருடம் சளி நெஞ்சில் இறங்கி அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் இரண்டும் பழுதாகிவிட்டது என்றார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதனால் பேச்சு இல்லை. வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, மூக்குக் குழாய் வழியாக வேளா வேளைக்கு ஆகாரம் போனது. ஒரு நாளைக்கு ஆறு வேளை, நானே நின்று பார்த்தேன். இதில் எங்கே பசி?

பெரிய டாக்டர் என்னை அழைத்து, இனிமேல் தேறுவது கடினம், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்று சொன்ன அன்று மதியம்தான் அது தொடங்கியது. அப்பா நெஞ்சின்மேல் இடது உள்ளங்கையை விரித்தார். வலது கை விரல்களை அதில் வைத்து, விலக்கினார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ், "ஊட்டா கேள்த்தாயிதாரே மேடம்" என்றார். சாப்பாடு கேட்கிறாராம்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்பா என்ன கேட்கிறார் என்று எனக்கு அந்த விநாடியே தெரியும். பசிக்கிறவன் கை வாய்க்குப் போகும். அப்பாவின் கை நெஞ்சைத் தாண்டவில்லை. அவர் கேட்டது சோறில்லை. நீ ஓடுகிறாயா, நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நான் நர்ஸிடம், "ஆமா சிஸ்டர், பசிக்குதுபோல" என்றேன்.

பதில் சொன்னால் போய்விடுவார் என்று பயம். வேறொன்றும் இல்லை. மூன்று நாள் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நாளும் நான் குனிந்து, அவருடைய நல்ல காதில், "பசிக்குதாப்பா? இப்போ குடுப்பாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். எரிச்சலில் மூடுகிறார் என்று எனக்குத் தெரியும். என் வாழ்நாளெல்லாம் அவர்மேல் எரிந்து விழுந்தேன், கடைசியில் அவரை எரிச்சல்பட வைத்தேன். இரண்டாம் நாள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "என்னடி, என்னமோ கேக்கறாரே?" என்று பதறினார். அவரிடமும் அதையே சொன்னேன். "பசிக்குதுன்னு காட்றாரு அத்தை. வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதாம்." அத்தை ஐ.சி.யூ. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆக, ஊரெல்லாம் சுற்றும் அந்தக் கதையைக் கிளப்பியது அத்தை இல்லை. நான். ஒரு வருடமாக அத்தைமேல் நான் காட்டிய கோபமெல்லாம் என்மேல் நான் பட்டிருக்க வேண்டியது.

நாலாம் நாள் மதியம் அப்பா கேட்கவில்லை. கையை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமாக உள்ளங்கையை விரித்து, விரல்களை வைத்து விலக்கினேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

மறுபடி காட்டினேன். மறுபடி இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அந்த நேரத்திலும். "என்னப்பா வேணும் உனக்கு? அதான் காட்டிட்டேனே!" என்று ஐ.சி.யூ.வில் கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அப்பா ஊசி குத்திய கையை மெல்லத் தூக்கி, என் வலது கையைத் தட்டிவிட்டு, இடது கையைத் திருப்பி விரித்துவைத்தார். நான் கை மாற்றிக் காட்டியிருந்தேன். இடது கை விரிய வேண்டும், வலது கை விலக வேண்டும். முப்பத்திரண்டு வருடம் சரியான சைகைக்குக் காத்திருந்தவர் கடைசியில் தப்பான சைகையை வாங்கிக்கொள்வாரா?

சரியாகக் காட்டினேன். மெதுவாக, அவர் பார்க்கும்படி. அவர் அதைத் திருப்பிக் காட்டினார், புருவம் உயர்ந்தது. நான் மறுபடி காட்டினேன். ஓடறேன்பா, எடுத்துக்கோ என்று வாயாலும் சொன்னேன். அப்பா கட்டைவிரலை உயர்த்தினார். டிராலியை ஓரம் இழுத்துவிட்டேன், பாதை சுத்தம் என்பதற்கு அவர்கள் காட்டுவது அது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டார். நிம்மதியாகப் போனார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், அவர் கையைக் காட்டும்போதெல்லாம் ஓடிவந்து ஆகாரக் குழாயைச் சரிபார்த்த அந்த நர்ஸுக்கும் நன்றி. தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், காதோரம் மஃப் தழும்போடு வந்து வாசலில் வரிசையாக நின்ற அப்பாவின் பிரிவு நண்பர்களுக்கும் நன்றி. போஸ்டர் செலவை யாரிடமும் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட அத்தை மகனுக்கும் நன்றி, அடுத்த தடவை அச்சடிக்கும் முன் என்னிடம் காட்டட்டும்.

அத்தைக்கு நன்றி சொன்னால் போதாது. இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய் முழுக்கப் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசியில்லாமத்தான் போனாரா? நெஜமா?" என்றார்.

"நெஜமா அத்தை."

"அந்தக் கைய எப்படிக் காட்டணும்? எனக்கும் காட்டு."

காட்டினேன். அத்தை அப்பா படத்தின் முன்னால் போய் நின்று காட்டினார். வலது கை விரிந்திருந்தது.

"கை மாறிப்போச்சு அத்தை" என்றேன். அவர் கையைப் பிடித்துத் திருப்பிவைத்தேன். மறுபடி காட்டினார், மறுபடி தப்பு. தலையில் அடித்துக்கொண்டு மூன்றாவது தடவை திருத்தினேன். இந்த முறை சரியாக வந்தது. விரல்களை விலக்கினார்.

பிறகு திரும்பி, "எல்லாம் சரிடி. ஆனா நெனவு நாள் அன்னிக்கு அண்ணன் எலயில சோறு நான்தான் போடுவேன். மூணு கரண்டி" என்றார்.